மார்ஜினைத் தொடாத வரி

எங்கள் கல்லூரியில் நூற்று இருபது கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. பதினோரு வருடமாக அவற்றைத் துடைக்கிறவன் நான் என்பதால் எண்ணிக்கையில் சந்தேகம் வேண்டாம். ஒவ்வொன்றின் மேலும் பூப்போட்ட துணி உறை உண்டு. கீபோர்டுகள் வந்த நாளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கோடு அப்படியே இருக்கின்றன. என் அடையாள அட்டையில் லேப் அசிஸ்டென்ட் என்று போட்டிருக்கும். பெயர் குணசீலன், ஊர் எருமப்பட்டி. நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நீங்கள் காறித் துப்பினால் நான் வருத்தப்பட மாட்டேன்.

நாமக்கல் பைபாஸில் முட்டை லாரிகள் திரும்புகிற வளைவுக்கு எதிரே இருக்கிறது எங்கள் ஞானகுபேரா பொறியியல் கல்லூரி. தாளாளர் சின்னுசாமி ஐயா லாரிக்கு பாடி கட்டி மேலே வந்தவர். அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது, அவர் கட்டின பாடி இருபது வருடம் ஆட்டம் காணாது. அந்தக் கையோடு மாணவர்களின் ரெக்கார்டு நோட்டைப் புரட்டிப் பார்த்தார், அங்கேதான் வினை ஆரம்பித்தது. சில வரிகள் சிவப்பு மார்ஜின் கோட்டை ஒட்டியும் சில வரிகள் தள்ளியும் தொடங்குவதைக் கண்டு அவருக்கு மனசு ஆறவில்லை. அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. இனி எந்தப் பாடத்தின் எந்த வரியும் மார்ஜினைத் தொட்டுத்தான் தொடங்க வேண்டும். வாசல் வளைவில் கல்லூரியின் இலட்சிய வாசகமும் மாறியது: விளிம்பே ஒழுக்கம்.

சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு இதனால் பெரிய சேதமில்லை. எங்கள் துறையில்தான் தலைவலி. வெப்சைட்டுக்கு எழுதுகிற காபிஸ்கிரிப்ட் என்ற மொழி எங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ சேர்த்தது, எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சேர்க்கும்போதே பெயரைப் பார்த்து கோப்பைக் கேன்டீன் கமிட்டிக்கு அனுப்பிவிட்டார்களாம். அவர்கள் மூன்று வாரம் வைத்திருந்து, ஆட்சேபணை இல்லை என்று எழுதி அனுப்பினார்கள்.

அந்த மொழியில் அடைப்புக்குறி போட்டு எதையும் கட்டி வைக்க வேண்டியதில்லை. ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வதற்கு லூப் என்று பெயர். அந்த லூப்புக்கு அடியில் எந்தெந்த வரி உள்ளே தள்ளி நிற்கிறதோ, அவைதான் திரும்பத் திரும்ப நடக்கும். மார்ஜினுக்கு வந்துவிட்ட வரி லூப்புக்கு வெளியே போய்விட்டது என்று அர்த்தம். கம்ப்யூட்டர் துடைக்கிற எனக்கே இது ஒரு மதியத்தில் புரிந்தது.

துறைத் தலைவர் முனைவர் நவநீதகிருஷ்ணனுக்கும் புரியாமலில்லை. ஆனால் அவருக்குத் தாளாளரை அதைவிட நன்றாகப் புரியும். ஐயாவிடம் போய், லூப்புக்குள் வரிகளைத் தள்ளி எழுத அனுமதி வேண்டும் என்று கேட்டார். ஐயா ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சொன்ன தீர்ப்பை லேப் சுவரில் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்திருக்கிறோம். ஒரு வரி தள்ளிப் போனால் மன்னிக்கலாம், இரண்டு வரி தள்ளிப் போனால் அது பழக்கம். ஆகவே ஒரு லூப்புக்கு ஒரே ஒரு வரி, கட்டைவிரல் அகலம், உள்ளே போகலாம். அடுத்த வரி மார்ஜினுக்குத் திரும்பிவிட வேண்டும்.

சலுகைக்கும் நடைமுறை வகுத்தார்கள். வரியை உள்ளே தள்ளுவதற்கு முன் 'ஒரு வரி உள்தள்ள அனுமதி வேண்டி' என்று மாணவர் விண்ணப்பம் எழுத வேண்டும். அதில் பெற்றோர் கையெழுத்து, விடுதிக் காப்பாளர் கையெழுத்து, வகுப்பாசிரியர் பரிந்துரை எல்லாம் வேண்டும். யாருடைய கட்டைவிரல் என்று ஒரு கேள்வி எழுந்தது. தாளாளரின் கட்டைவிரலை அளந்து இரண்டே கால் சென்டிமீட்டர் என்று அறிவித்தார்கள். மூன்று பேராசிரியர்கள் கொண்ட விளிம்புக் குழு அமைந்தது. ஐயாவின் பட்டறையிலிருந்து மூன்று ஸ்டீல் ஸ்கேல் வந்தது. அந்த ஸ்கேல்களுக்கு வாரா வாரம் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தது அடியேன்தான்.

இனி ஏழாவது பயிற்சிக்கு வருகிறேன். தாளாளரின் பெயரைப் பட்டங்களோடு வெப்சைட்டில் பத்து முறை வர வைப்பதுதான் அந்தப் பயிற்சி. எண் ஒன்றிலிருந்து தொடங்கு என்பது முதல் வரி. எண் பத்தைத் தாண்டாத வரைக்கும் கீழே உள்ளதைச் செய் என்பது இரண்டாவது வரி, அதுதான் லூப். ஐயா பெயரை எழுது என்பது மூன்றாவது. எண்ணில் ஒன்றைக் கூட்டு என்பது நான்காவது. மூன்றும் நான்கும் உள்ளே தள்ளி நின்றால்தான் பத்து முறை எழுதிவிட்டு நிற்கும். எங்கள் சட்டப்படி மூன்றாவது வரி உள்ளே போனது, நான்காவது மார்ஜினுக்கு வந்துவிட்டது. கூட்டுகிற வேலை வெளியே போய்விட்டதால் எண் ஒன்றாகவே இருக்கும், ஐயா பெயரை எழுதுகிற வேலை உலகம் அழிகிற வரைக்கும் ஓயாது.

ஆறு வருடம் இது யாருக்கும் தெரியவில்லை. தெரிய வேண்டுமென்றால் யாராவது ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் ரெக்கார்டின் இடப்பக்கத்தில் வெளியீட்டை முதலில் பென்சிலால் வரைந்துவிடுவார்கள். ஐயா பெயர் பத்து வரி, அழகாக இருக்கும். பிறகு வலப்பக்கத்தில் சீனியர் ரெக்கார்டைப் பார்த்துப் புரோகிராமை எழுதுவார்கள். விளிம்புக் குழு ஸ்கேல் வைத்துப் பார்த்து 'விளிம்பு சரி' என்று முத்திரை குத்தும்.

மைதிலி கடைசி வருடப் பிள்ளை. ஊர் பள்ளிபாளையம், அப்பா கைலாசம் விசைத்தறி ஓட்டுகிறவர். கோயம்புத்தூரில் பழைய வெப்சைட்டுகளைப் பராமரிக்கிற ஒரு கம்பெனி நேர்காணல் வைத்து அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. வீட்டில் முதல் ஆபீஸ் வேலை. எல்லாப் பேப்பரும் பாஸ் ஆகி ஜூன் ஒன்றாம் தேதி சேர வேண்டும் என்று கடிதத்தில் போட்டிருந்தது. அதற்கு பிராக்டிகல் எழுத வேண்டும், பிராக்டிகலில் உட்கார ரெக்கார்டில் துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும்.

மார்ச் மாதம் ஒரு மதியம் அவள் லேபுக்கு வந்து, ஒரே ஒரு மெஷினை ஆன் பண்ணித் தர முடியுமா என்று கேட்டாள். பதினோரு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டது பிடித்துப் போனதால் உறையைக் கழற்றி, பிளாஸ்டிக்கையும் பிரித்துக் கொடுத்தேன். குழு முத்திரை குத்திய கல்லூரிப் பிரதியில் உள்ளபடியே ஏழாவது பயிற்சியை அடித்தாள். லூப் முடிந்தால்தான் எழுதியது திரைக்கு வரும், இது முடியாததால் திரை வெள்ளையாக நின்றுவிட்டது. சி.பி.யூ. விசிறி மட்டும் மாவு மில் மாதிரி இரைந்தது. மெஷினை அணைத்துப் போட்டாள், நான்காவது வரியையும் உள்ளே தள்ளினாள், ஓட்டினாள். ஐயா பெயர் சரியாகப் பத்து வரி வந்து நின்றது. அதை அப்படியே ரெக்கார்டில் எழுதிக் குழுவிடம் கொண்டு போனாள்.

குழு அன்றைக்குச் சாப்பிடப் போகவில்லை. நான்காவது வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டார்கள். அனுமதியின்றி இரண்டாவது வரியை உள்தள்ளியது, கம்ப்யூட்டரை இயக்கியது, கல்லூரிப் பிரதியைச் சோதித்துப் பார்த்தது என்று மூன்று குற்றச்சாட்டு. எனக்கும் ஒரு மெமோ வந்தது. கம்ப்யூட்டர் லேபில் கம்ப்யூட்டர் இயங்கியது எப்படி என்று மூன்று நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். கைதவறிப் பட்டுவிட்டது, இனி நடக்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது என்று சொல்லலாம். எல்லோரும் அதைத்தான் சொல்கிறோம்.

விசாரணைக்குப் பெற்றோரை அழைத்துவரச் சொன்னார்கள். கைலாசம் ஷிப்டை மாற்றிக்கொண்டு, சட்டையில் நூல் பிசிறோடு வந்திருந்தார். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இரண்டரை மணி நேரம் நிற்க வைத்த பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். தேநீர் கொண்டு போகிற சாக்கில் நானும் அறையில் நின்றேன்.

துறைத் தலைவர் மகளின் குற்றங்களை வரிசையாகப் படித்தார். கைலாசம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மகளிடம் திரும்பி என்ன நடந்தது என்று கேட்டார். அவள் நான்கே வாக்கியத்தில் சொன்னாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏனுங்க சார், தறியில நூல் அந்துபோனா தறி தானா நிக்கோணும்ங்க. நிறுத்தற கம்பியைக் கழட்டி வெளிய வெச்சுப்போட்டா அது வெறுமனே ஓடிக்கிட்டேதானுங்க கெடக்கும். பாப்பா அந்தக் கம்பியை உள்ள வெச்சிருக்குது, அவ்வளவுதானுங்களே?"

நவநீதகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபமே வரவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க சொல்றது சரிதானுங்க. புரோகிராம் ஓடுதா ஓடலையான்னு பாக்கறது கம்பெனிக்காரன் வேலைங்க. நாங்க அதுக்கு மார்க்கு போடறதில்லீங்க. எங்க மார்க்கெல்லாம் விளிம்புக்குத்தான். உங்க பொண்ணு எழுதுனதைச் சரின்னு ஒத்துக்கிட்டா, ஆறு வருசமா நாங்க கையெழுத்துப் போட்ட ஆயிரம் ரெக்கார்டும் தப்புன்னு ஆயிருமுங்க. ஒரு புள்ளைக்காக ஆயிரம் புள்ளைங்க எதிர்காலத்தைக் கெடுக்கச் சொல்றீங்களா?"

ஆயிரம் பிள்ளைகள் என்றதும் கைலாசம் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனுசன், உண்மையிலேயே அந்த ஆயிரம் பேருக்காகக் கவலைப்பட்டார்.

தண்டனையாக ஏழாவது பயிற்சியை, கல்லூரிப் பிரதியில் உள்ளபடியே, இருநூறு முறை கையால் எழுத வேண்டும் என்று தீர்ப்பானது. திரும்பத் திரும்பச் செய்கிற வேலை மனுசனுக்கு வேண்டாம் என்றுதானே லூப்பைக் கண்டுபிடித்தார்கள். அதை ஒரு பெண்பிள்ளையிடம் இருநூறு தடவை எழுதச் சொன்னவர்கள் மூன்று பேரும் முனைவர்கள்.

அவள் எழுதினாள். தினமும் மதியம் லேபில் உட்கார்ந்து, உறை போட்ட கம்ப்யூட்டர்மேல் நோட்டை வைத்து எழுதினாள். முதல் முப்பது வரைக்கும் நான்காவது வரி வரும்போது பேனா கொஞ்சம் தயங்கும். ஒரு முறை பேனா உள்ளே போய்விட்டது, குழு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கச் சொன்னது. நூறு தாண்டிய பிறகு தயக்கமில்லை. என்னோடு பேசிக்கொண்டே எழுதுவாள், கை தன்பாட்டுக்கு மார்ஜினுக்கு வந்து போகும். வேகமாக முடிகிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

இருநூறும் முடிந்து முத்திரையும் விழுந்தது. கையெழுத்து மட்டும் வரவில்லை. தர மதிப்பீட்டுக் குழு வருகிறது, அது முடியட்டும் என்றார்கள்.

தர மதிப்பீடு என்றால் எங்கள் கல்லூரிக்கு மாரியம்மன் பண்டிகை. செடி இல்லாத இடத்தில் தொட்டி வந்தது, புத்தகம் இல்லாத அலமாரிக்குப் பூட்டு வந்தது. கம்ப்யூட்டர் உறைகளை இரண்டு முறை துவைத்தேன். வருகிறவர்களுக்கு மாணவர் ஒருவர் நேரடியாக ஒரு புரோகிராம் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று விதி. எந்தப் புரோகிராம் என்பதில் விவாதமே இல்லை, ஐயா பெயர் வருவது ஏழாவதுதான். எந்த மாணவர் என்பதிலும் இல்லை. கல்லூரியிலேயே ஏழாவது பயிற்சியை இருநூறு முறை எழுதிய அனுபவம் ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது.

மேடையேறும் முன் அவள் துறைத் தலைவரிடம் போய், பிரதியில் உள்ளபடி அடித்தால் திரை வெள்ளையாக நின்றுவிடும் சார் என்று சொல்லிப் பார்த்தாள். ஆறு வருடத்தில் ஒரு நாளும் நின்றதில்லை என்றார் அவர். பிரதியில் உள்ளபடி அடித்தால் மேடையிலிருந்து இறங்கும்போதே கையெழுத்து, ஓர் எழுத்து பிசகினால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றும் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வயரைச் சரிசெய்கிறவன் மாதிரி குனிந்துகொண்டேன்.

முதலில் தாளாளர் பேசினார்.

"நான் லாரிக்கு பாடி கட்டுனவனுங்க. ஒரு பலகை ஒரு விரக்கடை தள்ளி நின்னாலும் உடமாட்டேன். எஞ்சின் ஓடுதா, வண்டி எங்க போவுதுன்னு நான் என்னைக்கும் கேட்டதில்லீங்க, அது டிரைவர் பாடு. இந்தக் காலேஜும் அப்படித்தான். வெளிய பாத்தா ஒரு கோணல் சொல்ல முடியாது. உள்ள என்ன இருக்குதுன்னு நாங்களே பாத்ததில்லீங்க, அவ்வளவு நம்பிக்கை எங்களுக்குப் புள்ளைங்க மேல."

பலத்த கைதட்டல். மைதிலி நான்கு வரியையும் பிரதியில் உள்ளபடி அடித்து ஓட விட்டாள். பெரிய திரை வெள்ளையாக நின்றது.

ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. மதிப்பீட்டுக் குழுவில் ஐந்து பேர். ஐந்து பேரும் திரையையே பார்த்தார்கள். என்ன ஆயிற்று என்று கேட்டால் தனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே என ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். நவநீதகிருஷ்ணன் மைக்கை வாங்கி, விசிறிச் சத்தத்தைக் கவனிக்கச் சொன்னார், உள்ளே வேலை நடக்கிறது என்றார். அதில் பொய் ஒன்றுமில்லை. பிறகு திரையில் ஒரு பெட்டி வந்தது. பக்கம் பதில் சொல்லவில்லை, காத்திருக்கவா மூடிவிடவா என்று கேட்டது. அவர் காத்திரு என்பதை அழுத்தினார். மறுபடி கேட்டது, மறுபடி அழுத்தினார். ஏழு முறை கேட்டது. கல்விக்குப் பொறுமைதான் அடிப்படை என்பதை எங்கள் மாணவர்களுக்கு இப்படித்தான் சொல்லித் தருகிறோம் என்றார்.

பதினோராவது நிமிடம் குழுத் தலைவர் எழுந்தார். வயசானவர், மூன்று மாநிலங்களில் கல்லூரிகளை அளந்தவராம். இத்தனை கல்லூரிகளில் ஆடம்பரமான படங்களும் எழுத்துகளும் ஓடும் திரைகளைப் பார்த்துச் சலித்துவிட்டதாகச் சொன்னார். இவ்வளவு தூய்மையான, அமைதியான ஒரு வெளியீட்டை முதல் முறையாகப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அவரே கைதட்டத் தொடங்கினார். அரங்கம் எழுந்து நின்று தட்டியது. தாளாளருக்குக் கண் கலங்கிவிட்டது. மைதிலி கீபோர்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். நானும் தட்டினேன்.

கல்லூரிக்கு இருப்பதிலேயே உயர்ந்த தரம் கிடைத்தது. சொன்னபடி அவளுக்குக் கையெழுத்தும் கிடைத்தது. பிராக்டிகலில் ஏழாவது பயிற்சியே வந்தது, நூற்றுக்கு நூறு. மே மாதம் பைபாஸ் வளைவில் இருபதடி ப்ளக்ஸ் வைத்தார்கள். ஒரு பக்கம் ஐயா, ஒரு பக்கம் மைதிலி, நடுவில் ஏழாவது பயிற்சியின் நான்கு வரிகள். கைலாசம் பஸ்ஸில் வந்து இறங்கி அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார். வேலையில் சேர்ந்ததும் போன் பண்ணு என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

ஜூன் ஒன்றாம் தேதி மதியம் போன் வந்தது. உறைகளைத் துவைத்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மைதிலிதான், பின்னால் கோயம்புத்தூர் பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் கேட்டது. சேருகிற எல்லோருக்கும் காலையில் ஒரு சின்னத் தேர்வு வைத்தார்களாம், பத்து நிமிடம், வழக்கமானதுதானாம். ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் எண்களைத் திரையில் வர வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

"எனக்குத் தெரியுமுங்ணா. உங்களுக்கே தெரியும், எனக்கு நல்லாத் தெரியும். ஆனா நாலாவது வரிக்கு வந்ததும் கை தானா மார்ஜினுக்குப் போயிருச்சு. நான் பாக்கறதுக்குள்ள ஓட விட்டுட்டேன்."

எந்தக் காலேஜ் என்று கேட்டார்களாம். சொன்னாளாம். சரிம்மா, தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்டாள். கையில் ஈரத் துணியோடு நின்றேன்.

"ஸ்கிரீன் வெள்ளையா நின்னுச்சுங்ணா," என்றாள். "நானும் கொஞ்ச நேரம் பாத்துட்டே உக்காந்திருந்தேன். அங்க யாரும் கைதட்டலீங்ணா."